செவலை குடித்த காற்று

முத்தாயம்மாள் எங்கள் பஸ் முதலாளிக்குத் தர வேண்டியிருந்த கடன் பதினான்கு ரூபாய் ஆறணா. அவளுடைய நாய் ஒன்றரை மணி நேரம் குடித்த காற்றுக்கு அதுதான் விலை. அந்தக் காற்றை அவள் கேட்கவில்லை. நாய்க்கு அது தேவைப்படும்படி செய்தவன் நான். அது அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் போய், நாமக்கல்லில் ஓடிய பஸ்ஸெல்லாம் கரி பஸ்ஸாகிவிட்டன. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை நிற்கும். பிளாண்ட் என்போம். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, பக்கத்தில் இருக்கிற விசிறியைக் கையால் அரை மணி நேரம் சுற்றினால் கரியிலிருந்து கேஸ் கிளம்பும். குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டுவோம். நீலமாய் எரிந்தால் பஸ் கிளம்பலாம். அந்த விசிறியைச் சுற்றுகிற வேலை என்னுடையது. நாளுக்குப் பத்தணா. விடியலில் ஒரு பஸ், ஒன்பது மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. வேலை முடிந்து சோற்றுக்கு உட்கார்ந்தால் கை வாய்வரைக்கும் போகத் தோள் இடம் கொடுக்காது.

அந்தக் கேஸ் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் சரியாகத் தெரியாது. அடைத்த இடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே பிளாண்டைக் கூரைக்குக் கீழே பற்றவைக்கக் கூடாது என்று ஷெட்டுச் சுவரில் பலகையே மாட்டியிருந்தார்கள். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். முதலாளி தண்டாயுதபாணி தன் வாயாலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தார். எழுத்துக் கற்றுக்கொண்டது பின்னால், நாற்பது வயதுக்கு மேல். துணையில்லாமல் நானாகக் கூட்டி முதலில் படித்தது அந்தப் பலகையைத்தான். படித்து முடித்தபோது, கற்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

முத்தாயம்மாள் பஸ் நிற்கிற இடத்தில் வேகவைத்த நிலக்கடலை விற்பவள். மலைக்கோட்டைக் குரங்குகள் அங்கே கூட்டமாய் வந்து கூடையில் கைவிடும். அவற்றை விரட்டுவது செவலையின் வேலை. செம்மண் நிற நாய், ஒரு காது மட்டும் மடிந்தது. செவலை இல்லாத நாளில் அவளுக்குப் பாதிக் கடலை குரங்குக்குப் போய்விடும்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை அவள் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள்.

"மாரியப்பா, மவளுக்கு மேலுக்குச் சொகமில்லியாமா. இங்க பக்கத்துல வேலூருக்குப் போயிட்டு சாயங்கால வண்டிக்கு வந்தர்றேன். இவனைக் கட்டிப்போட்டுப் பாத்துக்க சாமி. அவுத்துட்டீன்னா பஸ்ஸு பின்னாடியே வேலூரு வரைக்கும் ஓடியாந்துருவான்."

டிரைவர் சின்னண்ணன் இருக்கையிலிருந்தே தலையை நீட்டினான். "டிக்கெட்டு எடுத்தா ஏத்திக்கறேங்க்கா. முன்சீட்டே குடுக்கறேன்."

"உம் பஸ்ஸுல ஏறுனா மேட்டுல அவனும் எறங்கித் தள்ளோணும். போடா அக்கட்டால!"

சிரித்துக்கொண்டே ஏறிப் போனாள். நாயை ஷெட்டின் உள்தூணில் கட்டினேன்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு எருமப்பட்டி பஸ் கிளம்ப வேண்டும். பஸ்ஸை வெளியே தள்ளிப் பற்றவைத்தால் கரி நனைந்துவிடும். நனைந்த கரியோடு மாரடிக்க என் தோளில் தெம்பில்லை. உள்ளேயே பற்றவைத்து, கதவை ஒரு சாண் திறந்துவைத்து, அரை மணி நேரம் சுற்றினேன். நீலமாய் எரிந்தது. அப்போதுதான் சின்னண்ணன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து, உள்ளே வராமல் தெருவிலிருந்தே கத்திவிட்டுப் போனான். வழியில் ஓடையில் வெள்ளமாம். வடிந்த பிறகுதான் பஸ்ஸாம்.

பிளாண்டை மூடி அணைத்திருக்க வேண்டும். அணைத்தால் மறுபடி அரை மணி நேரம் சுற்ற வேண்டும். குழாய் வாயைத் திறந்தபடியே விட்டேன், நெருப்பு அணையாமல் கனன்று கிடக்கட்டும் என்று. சாரல் உள்ளே அடித்ததால் கதவை இழுத்துச் சாத்தினேன். நாய் வாலாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. எதிர்க் கடைக்குப் போய்க் களி தின்றேன். தின்றுவிட்டு, தலை வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்தேன். விசிறி சுற்றுகிறவனுக்குத் தலைவலி கூலியோடு சேர்ந்தது. அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது செவலை பக்கவாட்டில் கிடந்தது. வாய் திறந்திருந்தது. நாக்கும் ஈறும் செம்பருத்திப் பூப்போல் சிவந்திருந்தன. வயிறு எப்போதோ ஒரு தடவை துள்ளியது.

அப்போது நான் செய்த காரியங்களை வரிசையாக எழுதுகிறேன், ஒன்றையும் மறைக்காமல். முதலில் நாயை வெளியே இழுத்து மழையில் போட்டேன். இரண்டாவதாக உள்ளே ஓடிப் பிளாண்டின் மூடியையும் குழாயையும் அடைத்தேன். மூன்றாவதாகக் கதவு இரண்டையும் அகலத் திறந்து காற்றுப் போகவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஷஃபியுல்லாவைக் கூப்பிட்டேன். நாய்க்கு ஆள் கூப்பிடும் முன்பே என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

ஷஃபியுல்லா சேலத்து ஆள். பக்கத்துப் பட்டறையில் எங்கள் முதலாளிக்கு வெல்டிங் வேலை செய்தான். வந்து குனிந்து பார்த்தான்.

"யோவ், கரிக்காத்து அடிச்ச மாதிரி இருக்கே. பிளாண்டு எரிஞ்சுதா?"

"இல்லியே. மழையில எங்க பத்தவைக்கறது?"

எழுந்து ஷெட்டை எட்டிப் பார்த்தான். பிளாண்டு மூடியிருந்தது. மழைக்காற்று உள்ளே வீசிக்கொண்டிருந்தது. "அப்ப இளைப்புத்தான் போல. எங்க அத்தாவுக்கு இப்படித்தான் இழுத்துது. பெரியாஸ்பத்திரியில சிலிண்டர் காத்தை மூக்குல விட்டாங்க. அதே ஆக்ஸிஜன்தான் நம்ம கிட்ட இருக்கிறதும். தூக்கு நாயை."

பட்டறையில் அவன் வேலை செய்த வேகத்தை இப்போதும் மறக்கவில்லை. சிலிண்டரிலிருந்து வெல்டிங் முனையைக் கழற்றி, வெறும் ரப்பர் குழாயை மட்டும் விட்டான். தண்ணீர்க் கலயத்தை எடுத்துக் கவிழ்த்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டான். நாயின் மூஞ்சியைக் கலயத்துக்குள் விட்டு, ஓட்டையில் குழாயைச் செருகினான். கழுத்தைச் சுற்றி ஈரத்துணியை அடைத்தான். உதவப் போன என் கையைத் தட்டிவிட்டான்.

"எண்ணெய்க் கையோட கிட்ட வராதே! இந்தக் காத்தும் எண்ணெயும் சேந்தா நாயோட நாமளும் போய்ச் சேர வேண்டியதுதான். போய் சோப்புப் போட்டுக் கழுவு. எவனும் பீடி பத்தவைக்கக் கூடாது."

கழுவிவிட்டு வந்து நாயின் விலாவில் கை வைத்து உட்கார்ந்தேன். கலயத்துக்குள் காற்று உஸ்ஸென்று இரைந்தது. விலா ஏறவில்லை. பிறகு ஏறியது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். எனக்கு அப்போது நூறு வரைக்கும்தான் எண்ண வரும். நூறு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து.

வேலூர் பஸ் வந்தபோதும் நாய் கலயத்துக்குள்தான் இருந்தது. முத்தாயம்மாள் சேறு தெறிக்க ஓடிவந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே ஷஃபியுல்லா சொன்னான்: "இளைப்பு, அக்கா. பயப்படாதீங்க. மாரியப்பன் பாத்ததால தப்பிச்சுது."

அவள் என் தாடையைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள். "நீ நல்லாருக்கோணும் தம்பி."

சிறிது நேரத்தில் செவலை கலயத்தை உதறிவிட்டு எழுந்தது. நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின. அவள் சேலைத் தலைப்பை மோந்துவிட்டு, அவள் காலடியிலேயே வாந்தியெடுத்தது.

முதலாளிக்குச் சேதி போய்விட்டது. தண்டாயுதபாணி கெட்டவர் அல்ல. ஆனால் சண்டைக் காலத்தில் ஒரு சிலிண்டர் மெட்ராசிலிருந்து வருவதற்குப் பத்துக் காகிதம் எழுத வேண்டும். வந்து சிலிண்டரின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தார். பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

"ஏனுங்க ஷஃபியுல்லா, நாளைக்குப் பஸ்ஸு சேஸு ஒடைஞ்சா உங்க நாய வெச்சு ஒட்டுவீங்களா? இதுக்கு நான் யாரு பேருல எழுதறது?"

நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பத்தணாவும், வீட்டில் இருந்த மூன்று வயிறும் கண்ணில் பட்டன. விழுங்கிவிட்டேன்.

"எம் பேருல எழுதிக்குங்க சாமி," என்றாள் முத்தாயம்மாள். "எந்நாயி குடிச்ச காத்து. வாரம் எட்டணா நாந் தாரேன்."

சின்னண்ணன் மெல்லச் சொன்னான்: "மனுசன் குடிக்கற காத்துக்கு இன்னும் ரேஷன் கூப்பன் வரலக்கா. நீங்க நாய்க்குக் காசுக் காத்தைக் காட்டிக் கெடுத்துப் போட்டீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டணா எண்ணிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே விசிறியைச் சுற்றினேன். எட்டணாவுக்கு அவள் எத்தனை படி கடலை வேகவைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்னால் முடிந்தது ஒன்றே ஒன்று. பிளாண்டுக்கு உதவாத சில்லுக் கரியை எடுத்துக்கொள்ள முதலாளி விட்டிருந்தார். அதைக் கூடையில் அள்ளித் தினமும் அவள் வீட்டு வாசலில் கொட்டிவிட்டு வந்தேன். கடலை வேகவைக்க விறகுச் செலவாவது மிஞ்சட்டுமே என்று.

"கூடப் பொறந்தவங்கூட இப்படிச் செய்ய மாட்டான்," என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். என் வீட்டுக்காரி பழனியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "நமக்கு அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கறதுக்கு நானு. ஊரு நாய்க்குக் கரி செமக்கறதுக்கு நீயா?" என்பாள். அவளிடமும் சொல்லவில்லை.

இப்படி ஒன்பது வாரம் போயிற்று. நான்கு ரூபாய் எட்டணா கட்டிவிட்டாள்.

மார்கழியில் ஒரு நாள் காலை ஒன்பது மணி பஸ்ஸை அனுப்பிவிட்டு அவள் பக்கம் போனேன். கூடையைச் சுற்றிக் குரங்குகள். அவள் குச்சியைக்கூட எடுக்காமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க்கா, செவலை எங்க?"

"ஊட்டுலதான் கெடக்கறான். ரெண்டு நாளா மந்தமா இருக்கறான் தம்பி. எனக்கும் தலை கழண்டு உளுந்துரும் போல வலிக்குது. காத்தால வாந்தி வேற. பனி ஒத்துக்கல போல."

"பனியா?"

"இளைப்புக்காரனுக்குப் பனி ஆகாதில்ல? அதான் நீ குடுத்த கரியைச் சட்டியில போட்டுக் கனலு வெச்சு, சந்து பொந்தெல்லாம் சாக்கை வெச்சு அடைச்சுட்டு, ராவுக்கு ரெண்டு பேரும் கிட்டத்துல படுத்துக்கறோம். இன்னிக்கும் புதுசாக் கனலு போட்டுக் கதவைச் சாத்திட்டுத்தான் வந்திருக்கறேன். கதகதன்னு கெடப்பான்."

என் பொய்யையும் என் கரியையும் ஒரே சட்டியில் போட்டு மூட்டியிருக்கிறாள்.

ஓடினேன். "என்னடா, என்னடா" என்று கத்திக்கொண்டு அவளும் பின்னால் ஓடிவந்தாள். அவள் வீடு கமலாலயக் குளத்துக்குப் பின்பக்கம், ஒற்றை அறை. கதவை உதைத்துத் திறந்தேன். சாக்கு விழுந்தது. சட்டியைக் காலாலேயே வெளியே தள்ளினேன். கால் சுட்டது அப்போது தெரியவில்லை. மூலையில் செவலை கிடந்தது. தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அதே நாக்கு, அதே செம்பருத்தி.

முத்தாயம்மாள் மூச்சிரைக்க வந்து அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மறுக்காவும் வந்துருச்சே... ஓடு சாமி, ஷஃபியுல்லாவைக் கூட்டியா. சிலிண்டரைக் கொண்டாரச் சொல்லு."

"சிலிண்டரு தீந்துபோச்சுங்க. மெட்ராசிலிருந்து இன்னும் வரல."

"எங்காவது கேளு தம்பி! இன்னொரு பதினாலு ரூவா ஆனாலும் நாந் தாரேன். ஆயுசு பூரா கட்டறேன். காத்தைக் கொண்டா!"

அந்தப் பேச்சுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அவனுக்கு இளைப்பே இல்லீங்க்கா."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நாந்தானுங்க. மழைக்குப் பயந்து ஷெட்டுக்குள்ள பிளாண்டைப் பத்தவெச்சேன். அணைக்கச் சோம்பப்பட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன். கரிக்காத்து. இதுவும் அதேதானுங்க. உங்க தலைவலியும் அதேதான். இளைப்புன்னு நீங்க கனலு வெச்சீங்க. இளைப்புன்னு ஆனது என் பொய்யினால."

சொல்லிக்கொண்டே அவள் வீட்டு முறத்தை எடுத்து நாயின் மூஞ்சிக்கு நேரே விசிறத் தொடங்கினேன். சிலிண்டர் இல்லை. காற்றைத் தவிர வேறு மருந்தில்லை. அதுவும் சும்மா கிடைக்கிற காற்று. பிளாண்டுக்குச் சுற்றுகிற அதே தோளால் விசிறினேன். அவள் குடத்துத் தண்ணீரை எடுத்து நாயின் தலையில் தெளித்தாள். தெளித்துக்கொண்டே கேட்டாள்.

"எம் பேருல எழுதுங்கன்னு நாஞ் சொன்னப்ப, நீ பக்கத்துலதானே நின்னே?"

"வேலை போயிருமுன்னுங்க..."

"ஒம்பது வாரமும் வேலை போயிருமுன்னா?"

முறத்தை இன்னும் வேகமாக விசிறினேன்.

வெயில் உச்சிக்கு வந்தபோது செவலை தலையைத் தூக்கியது. தூக்கியது, விழுந்தது, மறுபடி தூக்கியது. பிறகு என் பக்கம் ஊர்ந்து வந்து முறத்தின் ஓரத்தை மோந்தது. அவள் அதை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"போப்பா," என்றாள். தம்பி போய்விட்டது. சாமியும் போய்விட்டது.

நேரே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தினால் நல்லது என்றும் ஒரு பக்கம் பட்டது. அவர் வெகுநேரம் திட்டினார். நாயோடு நிற்காமல் பஸ்ஸே எரிந்திருக்கும் என்றார். கடைசியில், "உன்னை நிறுத்தீட்டா இந்தச் சனியனை எவன் வந்து சுத்துவான்?" என்று சொல்லிவிட்டு, கணக்கு நோட்டில் முத்தாயம்மாள் பெயரை அடித்து என் பெயரை எழுதச் சொன்னார். பாக்கி ஒன்பது ரூபாய் பதினான்கு அணா.

அவள் கட்டிய நான்கு ரூபாய் எட்டணாவைத் திருப்பிக் கொடுக்க ஆட்டுக்குட்டி ஒன்றை விற்றேன். பழனியம்மாள் சந்தைவரைக்கும் பின்னாலேயே வந்து, "நாய்க்கு ஆட்டை வித்த மவராசன் போறாம் பாருங்க" என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். முத்தாயம்மாள் வேண்டாமென்று சொல்லுவாள் என்று என் மனத்தின் ஒரு மூலையில் ஆசை இருந்தது. அவள் காசை மடியில் கொட்டி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டாள். கரிக் கூடை இனி வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

ஷஃபியுல்லா பத்து நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் பீடி கேட்டான். "என் கிட்டயாவது சொல்லியிருக்கலாமேய்யா. கரிக்காத்துன்னு தெரிஞ்சிருந்தா அவங்களுக்கு அன்னிக்கே சொல்லியிருப்பேன்," என்றான். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

தை, மாசி, பங்குனி, சித்திரை. சனிக்கிழமைதோறும் என் கூலியில் எட்டணாவைப் பிடித்தார்கள். மழையானாலும் வெயிலானாலும் பஸ்ஸைப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டுபோய்த்தான் பிளாண்டைப் பற்றவைத்தேன். எதிரே அவள் கடலைக் கூடை. செவலை பழையபடி குரங்கு விரட்டியது. அதற்குக் கணக்குத் தெரியாது. நடுநடுவே என்னிடம் ஓடிவந்து வாலாட்டும். அவள் உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். திரும்பி ஓடும்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. பாக்கி ஆறணாதான் இருந்தது. கணக்குப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டார். "காத்துக் கணக்கு தீந்துச்சுடா," என்றார் முதலாளி.

மீதிக் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கூடைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, இன்னிக்கோட தீந்துச்சுங்க. கோடு போட்டுட்டாங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இலையைச் சுருட்டி, ஒரு ஆழாக்குக் கடலையை அள்ளிப் போட்டு நீட்டினாள். இரண்டு கையையும் நீட்டினேன். வாங்கிக்கொண்டேன்.

"காலணா," என்றாள்.

கொடுத்தேன். அவள் அதை மற்றவர்களின் காசோடு சேர்த்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்றவனிடம், "உனக்கு எவ்வளவுப்பா?" என்று கேட்டாள். செவலை வந்து என் கையை மோந்தது. கரித்தூள் மூக்கில் ஏறித் தும்மியது. இந்தத் தடவை அவள் அதைக் கூப்பிடவில்லை.